மூன்றாம் எண்ணுக்கு மேலே ஒரு பவுண்டு

கலைவாணி மூன்று முறை அடித்தாள். மூன்று முறையும் திரையில் எட்டு நட்சத்திரங்கள் வரிசையாக விழுந்தன. மூன்று முறையும் அவற்றுக்குக் கீழே, பாஸ்வேர்டு தவறு என்று சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் வந்து நின்றது.

காலை ஒன்பது மணி இருக்கும். அடுத்த வீட்டில் பட்டு நூலுக்குச் சாயம் காய்ச்சும் வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. நான் அவளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"எனக்கும் திறக்க மாட்டேங்குது வசந்தி" என்றாள்.

"மாத்தினவங்களுக்குத்தானே தெரியும், என்னான்னு" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை முப்பது வருஷமாக நான் நடிப்பு என்றே நினைத்திருந்தேன். சென்ற மாதம்தான் அது நடிப்பில்லை என்று தெரிந்தது. இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்கள் எனக்குச் செய்ததையெல்லாம் வாரா வாரம் புலம்பித் தீர்த்துவிட்டேன். இந்த வாரம் நான் செய்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்

கலைவாணியும் நானும் டைப்ரைட்டிங் வகுப்பில் பழகியவர்கள். ஒரே பெஞ்சு, ஒரே டிபன் டப்பா. நான் வேகமாக அடிப்பேன், தப்பும் வேகமாக வரும். அவள் மெதுவாக அடிப்பாள், தப்பே வராது. அவளுக்கு வரையவும் வரும். அவள் அப்பா பட்டுச் சேலைக்கு கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக டிசைன் போட்டுக் கொடுப்பவர். அவர் விட்ட பென்சிலை இவள் எடுத்துக்கொண்டாள்.

என் அக்கா வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்தவர். இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றில் ஏதோ ஓர் ஆபீஸைக் காலி செய்தபோது ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் இறக்கினார். அதை முதலாகப் போட்டுத்தான் நாங்கள் இருவரும் டிசைன் சென்டர் ஆரம்பித்தோம். சேலை டிசைன் வரைவதற்கு ஒரு சாஃப்ட்வேர் வாங்கி அதில் போட்டோம். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் வரும். ஒரு கட்டம் என்றால் ஓர் இழை. அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவார்கள். அட்டையில் ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே தறியில் இழை தூக்கும்.

மெஷின் என்னுடையது, டிசைன் அவளுடையது. இந்த ஒரு வாக்கியத்தை அந்த நாட்களில் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

வீட்டின் முன்னறையில் கண்ணாடிக் கதவு போட்டு, 'செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்' என்று எழுதி ஒட்டினேன். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். பெரிய பெரிய பட்டு முதலாளிகள்கூட வெறுங்காலோடு வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அதில் ஒரு மிதப்பு. கலைவாணி அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவாள்.

யாரிடமும் இல்லாத குறி

அந்தக் கீபோர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் விற்கும் கீபோர்டில் மூன்றாம் எண்ணுக்கு மேலே இரண்டு கோடு குறுக்கே இரண்டு கோடு போட்ட ஒரு குறி இருக்கும். போனில் பேலன்ஸ் பார்க்க அழுத்துவோமே, அந்த ஹேஷ். எங்கள் கீபோர்டு இங்கிலாந்துக்காரனுடையது. அதில் மூன்றுக்கு மேலே அவன் ஊர்ப் பணமான பவுண்டின் குறி இருந்தது.

சாஃப்ட்வேருக்குப் பாஸ்வேர்டு வைக்க வேண்டிய நாளில் இதைப் பார்த்துக் கண்டுபிடித்தவள் கலைவாணிதான்.

"இந்த பவுண்ட நடுவுல வச்சிடலாம் வசந்தி. எவனாவது பாத்து எழுதிகினு போனாகூட ஆரணியில வேற எங்கயும் அடிக்க முடியாது" என்றாள்.

எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஏழு எழுத்து, நடுவில் ஒரு பவுண்டு. எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். அடிக்கும்போது திரையில் நட்சத்திரம்தான் தெரியும் என்பதால் என்ன அடிக்கிறோம் என்று நாங்களே பார்த்ததில்லை. விரலுக்குத் தெரியும், அது போதும் என்று இருந்துவிட்டோம்.

சரஸ்வதி பூஜை அன்று கீபோர்டுக்குப் பொட்டு வைக்கும்போது அவள் எல்லாச் சாவியையும் விட்டுவிட்டு அந்த மூன்றாம் எண்ணில் மட்டும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தாள். ஈரக் குங்குமம். அதன் சிவப்பு பிளாஸ்டிக்கில் ஊறிவிட்டது. துணியால் துடைத்தேன், போகவில்லை. மெஷினைப் பாழாக்கிவிட்டாள் என்று ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். என் குணம் அது.

அந்த முந்தானை

மூன்று வருஷத்தில் எண்பது டிசைனுக்கு மேல் சேர்ந்திருந்தது. புட்டா, பார்டர் எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முந்தானை. நாலு மாதமாக அவள் வரைந்துகொண்டிருந்தாள். குளத்தங்கரை, படிக்கட்டு, படிக்குப் படி ஒரு மாங்காய். கிராஃப் தாளில் வரையாமல் நேராகத் திரையிலேயே போட்டது. அதற்கு வேறு நகல் கிடையாது.

அதைப் பார்க்க ஒரு பட்டு முதலாளி ஒரு நாள் பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. அதே வாரத்தில்தான் என் காதில் வேறொரு சேதி விழுந்தது. அந்த முதலாளி கலைவாணியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாராம், தன்னிடமே வேலைக்கு வந்துவிடச் சொன்னாராம். அவள் என்னிடம் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில்தான் அவர் வர வேண்டிய நாள் காலை மெஷினைப் போட்டேன். பாஸ்வேர்டு தவறு என்று வந்தது. என் மனசு ஒரு நொடிகூட வேறு பக்கம் போகவில்லை. மாற்றிவிட்டாள், டிசைன்களோடு அங்கே போகப்போகிறாள், அவ்வளவுதான்.

"நான் ஏன் மாத்தப் போறேன்? என் கைய வச்சி நானே வரைஞ்சது உள்ள கெடக்குது" என்றாள்.

நடிக்காதே என்றேன். இன்னும் சில வார்த்தைகளும் சொன்னேன். அவற்றை இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை. அவள் அப்பாவையும் சேர்த்துச் சொன்னேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பதினோரு மணிக்கு முதலாளி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பேசாமல் நிற்கும் இரண்டு பெண்களையும் சிவப்பு வரியையும் பார்த்தார். கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு கலைவாணி கிளம்பினாள். மெஷின் உன்னுதுதானே, வச்சிக்கோ என்று மட்டும் சொன்னாள்.

நானும் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் வேறு புது கம்ப்யூட்டர் வாங்கி டைப்பிங் வேலை எடுக்க ஆரம்பித்தேன். பழையது மூட்டையாகப் பரணுக்குப் போனது. கலைவாணி அதற்குப் பிறகு டிசைன் போடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவளுக்குக் குற்ற உணர்ச்சி குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டராக நடிக்கும் கம்ப்யூட்டர்

சென்ற மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தேன். பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன்னால் அந்த மெஷினின் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வேலூரில் ஒரு கடையில் கொடுத்தேன். உயிர் இருந்தது. உள்ளே இருந்ததை அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள்.

ஏன் கழற்றினேன்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாசத்தால் இல்லை. உள்ளே அவள் எதை மறைத்தாள் என்று பார்க்கத்தான்.

பழைய சாஃப்ட்வேர் இன்றைய லேப்டாப்பில் ஓடாது. அதற்கு எமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது. லேப்டாப்புக்குள் உட்கார்ந்துகொண்டு, தான் ஒரு பழைய கம்ப்யூட்டர் என்று நடிக்கும். பழைய சாஃப்ட்வேர் அதை நம்பி ஓடும். நன்றாகத்தான் நடித்தது. கீபோர்டில் மட்டும் கோட்டை விட்டது.

டிசைன் சாஃப்ட்வேரில் கர்சரை நகர்த்துவது வலது ஓரத்து எண் சாவிகளால். என் லேப்டாப்பில் அந்த ஓரமே கிடையாது. எமுலேட்டரில் ஒரு திரை உண்டு. கீபோர்டைப் படமாகப் போட்டுக் காட்டும். ஒரு சாவியைத் தொட்டு, இதற்குப் பதில் இது என்று சொல்லிவிடலாம். ஒவ்வொன்றாக மாற்றி வைத்தேன். கர்சர் நகர்ந்தால் பக்கத்துச் சாவி செத்துவிடும், அதை எழுப்பினால் இது நின்றுவிடும். இரண்டு நாள் பேஜார். இன்டர்நெட்டில் முகம் தெரியாத யார் யாரோ எழுதிவைத்திருந்ததைப் படித்துப் படித்து ஒருவழியாக வரவேற்புத் திரை வரைக்கும் வந்தேன்.

பாஸ்வேர்டு கேட்டது. அவள் மாற்றியது எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது பழையது ஒன்றுதான். அதையே அடித்துப் பார்க்கலாம் என்றால் லேப்டாப்பில் பவுண்டு குறியே இல்லை. அதனால் மூட்டையிலிருந்து பழைய கீபோர்டை எடுத்தேன். அதன் உருண்டை பின்னுக்கு ஒரு மாற்று பின் வாங்கி லேப்டாப்பில் செருகினேன்.

மூன்றாம் எண்ணில் குங்குமம் அப்படியே இருந்தது. காவி நிறத்துக்கு வந்திருந்தது.

விரல் மறக்கவில்லை. எட்டு நட்சத்திரம் விழுந்தது. பாஸ்வேர்டு தவறு. எதிர்பார்த்ததுதான். திருட்டுக் கழுதை என்று அப்போதும் திட்டினேன்.

பவுண்டை அழுத்தினால்

சாவி எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, சாஃப்ட்வேரை விட்டு வெளியே வந்து வெறும் கறுப்புத் திரையில் ஒவ்வொன்றாக அழுத்தினேன். எழுத்தெல்லாம் சரியாக வந்தது. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு குங்குமச் சாவியை அழுத்தினேன்.

பவுண்டு வரவில்லை. ஹேஷ் வந்தது.

மறுபடி அழுத்தினேன். மறுபடியும் ஹேஷ். சாவியின் தலையில் பவுண்டு, திரையில் ஹேஷ். கீபோர்டில் என்ன அச்சடித்திருந்தாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, இன்ன இடத்துச் சாவி அழுந்தியது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். இது இங்கிலாந்துக் கீபோர்டு என்று யாராவது சொல்லிவைத்தால்தான் பவுண்டு போடும். சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் அமெரிக்காக்காரனுடையதாகவே எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் பழைய மெஷினுக்கு அதைச் சொல்லிவைத்தது யார்? மெஷின் எழுந்ததும் வரிசையாகப் படிக்கும் ஒரு ஸ்டார்ட்டப் கோப்பு உண்டு. அதைத் திறந்து பார்த்தேன். கீபோர்டைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பக்கத்திலேயே அதே பெயரில் இன்னொரு கோப்பு இருந்தது. அந்தக் காலத்து எடிட்டர், நாம் எதையாவது திருத்தினால் திருத்துவதற்கு முன் இருந்ததை நகலாக ஒதுக்கி வைத்துக்கொள்ளும். அந்த நகலில் அந்த வரி இருந்தது. கீபோர்டு, இங்கிலாந்து.

அந்த வரியை அழித்தது யார் என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கோப்பில் கை வைக்கும் ஆள் வீட்டில் ஒருத்திதான்.

எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த முந்தானை பெரிதாகிக்கொண்டே போனதால் மெமரி போதவில்லை என்று மெஷின் அடிக்கடி நின்றது. முதலாளி வருவதற்கு முந்தைய நாள் மாலை, கலைவாணி வீட்டுக்குப் போன பிறகு, நாளைக்கு நடுவில் நின்று மானத்தை வாங்கக் கூடாது என்று ஸ்டார்ட்டப் கோப்பைத் திறந்து எனக்குப் புரியாத வரிகளை எல்லாம் அழித்தேன். ஒவ்வொரு வரி போனாலும் கொஞ்சம் மெமரி மிச்சம். அவளுடைய முந்தானை தடங்கலில்லாமல் திறக்க வேண்டும் என்றுதான் அழித்தேன். அழித்துவிட்டு, மெஷினைப் பற்றித் தெரிந்தவள் நான் என்ற நினைப்பில் தூங்கப் போனேன்.

கோப்புகளின் தேதிகளைப் பார்த்தேன். முந்தானை கடைசியாகச் சேமிக்கப்பட்டது அன்று மாலை நாலேகாலுக்கு. ஸ்டார்ட்டப் கோப்பை நான் திருத்தியது அதே நாள் ஆறு இருபதுக்கு. பாஸ்வேர்டு வைத்திருக்கும் கோப்போ, நாங்கள் அதை வைத்த நாளுக்குப் பிறகு தொடப்படவே இல்லை.

அழித்த வரியைத் திரும்ப எழுதினேன். எமுலேட்டரின் அமைப்பிலும் இது இங்கிலாந்துக் கீபோர்டு என்று மாற்றினேன். குங்குமச் சாவியை அழுத்தினேன். பவுண்டு வந்தது.

பாஸ்வேர்டு அடித்தேன். குளத்தங்கரை திறந்தது. படிக்குப் படி மாங்காய். நான் லேப்டாப்பை மூடிவிட்டுப் பின்கட்டில் போய் நின்று அழுதேன். திருட்டுக் கழுதை என்று திட்டிய வாய் இதே வாய்தானே என்று அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சேவூரில்

கலைவாணி சேவூரில் கணவரோடு விசைத்தறி நடத்துகிறாள். டவுன் பஸ்ஸில் பத்து நிமிஷம். இந்தப் பத்து நிமிஷத்தைக் கடக்க எனக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

லேப்டாப்பையும் பழைய கீபோர்டையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். தெருவிலேயே தறிச் சத்தம் கேட்டது. அவள்தான் வாசலுக்கு வந்தாள். தலை நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள்.

"வாங்க" என்றாள்.

ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள் நாங்கள். அந்த 'வாங்க' எனக்குக் கன்னத்தில் விழுந்தது.

தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். சட்டென்று வந்த அமைதியில் நான் பேச ஆரம்பித்தேன். எமுலேட்டர், ஸ்டார்ட்டப் கோப்பு, இங்கிலாந்து, அமெரிக்கா, நகல் கோப்பு, ஆறு இருபது. எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் விளக்கினேன். சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாதி கேட்டுக்கொண்டிருந்தாள், பாதி நேரம் மடியில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

பழைய கீபோர்டைச் செருகி, முந்தானையைத் திறந்து அவள் பக்கம் திருப்பினேன். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். மூன்றாவது படியில் இருந்த மாங்காயின் கழுத்தில் விரலை வைத்தாள்.

"இங்க ஒரு கட்டம் தப்பு. அன்னிக்கு சாயங்காலமே பாத்தேன். காத்தால வந்து மாத்திக்கலாம்னு போய்ட்டேன்" என்றாள்.

பழைய கீபோர்டிலேயே கர்சரை நகர்த்திச் சென்று அந்த ஒரு கட்டத்தை அழித்து, பக்கத்தில் வைத்தாள். சேமித்தாள். விரல்கள் தேடவே இல்லை.

பிறகு, அந்த முதலாளி கூப்பிட்டது உண்மைதான் என்று அவளாகவே சொன்னாள். தனியாக வரச் சொன்னாராம். ரெண்டு பேராக என்றால் வருகிறோம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். சரி, வேலையைக் காட்டுங்கள் என்றுதான் அவர் அன்றைக்குப் பதினோரு மணிக்கு வந்தாராம். முடிவான பிறகு சொல்லி என்னை அசத்தலாம் என்று இருந்திருக்கிறாள்.



"ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாத" என்றாள். இப்போது 'நீங்க' போயிருந்தது. "இது திறக்காமலே போயிருந்தா, இன்னிக்கும் நான்தான் மாத்தினேன்னு நெனச்சிகினு இருந்திருப்ப. இல்ல?"

"ஆமாம்" என்றேன்.

தலையாட்டினாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"பாஸ்வேர்டு மாத்தறது எந்த பட்டன்?" என்று கேட்டாள். சொன்னேன். பழைய கீபோர்டைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாவிகளின் சத்தம் இரண்டு தடவை கேட்டது, எட்டு எட்டாக.

"இப்ப மாத்திட்டேன்" என்றாள். "இனிமே யாரு கேட்டாலும் கலைவாணிதான் மாத்தினான்னு தாராளமா சொல்லு. பாக்கணும்னு தோணுச்சினா இங்க எடுத்துகினு வா, திறந்து காட்டறேன்."

கீபோர்டை என் பையில் வைத்துவிட்டு எழுந்தாள். மாலைக்குள் தறியிலிருந்து ஒரு சேலை இறக்க வேண்டும் என்று உள்ளே போய் சுவிட்சைப் போட்டாள். தறி ஓடத் தொடங்கிய பிறகுதான் என் வாயிலிருந்து 'மன்னிச்சிடு' வந்தது.